கமலா ஏறாத கப்பல்

கப்பல் வருகிற நாள் என்றால் தையல்நாயகிக்கு விடியும்போதே எரிச்சல் வந்துவிடும். சுங்க இலாகாவில் பெண்களைச் சோதனை போடுவதற்கென்று இருந்த ஒரே ஆள் அவள்தான். ஆண் பயணிகளை நாலைந்து ஜவான்கள் நிழலில் நின்றபடியே பார்த்து அனுப்பிவிடுவார்கள். பெண்கள் அத்தனை பேருக்கும் இவள் ஒருத்தி. அதுவும் எங்கே? புயலில் இடிந்துபோன பழைய கப்பல் பாலத்தின் இரும்புத் தூண்கள் கடலுக்குள் மொட்டையாக நிற்கின்றனவே, அதற்கு எதிரே மணலில் சவுக்குக் கழிகளை நட்டுத் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டிய ஒரு மறைப்புக்குள். உள்ளே நின்றால் இட்லிப் பானைக்குள் நிற்கிற மாதிரி இருக்கும்.

பாலம் போனபிறகு கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்பதோடு சரி. ஆட்களும், மல்லாட்டை என்று ஊரில் சொல்கிற வேர்க்கடலை மூட்டைகளும் கரையிலிருந்து சலங்குப் படகில் ஏறி, அலையில் முக்கி எடுக்கப்பட்டு, அங்கே போய்ச் சேரவேண்டும். போகிற பெண்கள் அந்தப் பயத்தை எல்லாம் தையல்நாயகி மேல்தான் கொட்டுவார்கள். தொப்பி வைத்த பிரெஞ்சு மதாம்கள் தங்கள் தூதர் கொன்சலுக்கு எழுதப்போவதாக மிரட்டுவார்கள். உழவர்கரைப் பக்கத்துக் குடியானவப் பெண்கள், சைகோனில் இருக்கும் புருஷனிடம் போகிறவர்கள், சேலையில் கை பட்டதுமே அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

"நீயும் பொம்பளதானே? உனக்கு இந்தப் பொழப்பு தேவையா?"

"தேவைன்னுதான் வந்திருக்கேன். கையத் தூக்கு."

மில்லில் ஆட்குறைப்பு செய்தபோது நூற்புப் பகுதியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவள் அவள். பாவாடை என்கிற அவள் புருஷனுக்கு மட்டும் தறிப் பக்கத்தில் வேலை தங்கியது. அந்த நேரத்தில்தான் சுங்கத்துக்கு ஒரு பெண் ஆள் தேவை என்று சொன்னார்கள். கஞ்சாவும் அபினும் வடக்கேயிருந்து ரயிலில் வந்து, இந்தக் கடற்கரையில் பெண்களின் உடம்பில் ஏறி, கொழும்புக்கும் சைகோனுக்கும் போய்க்கொண்டிருந்தன. சேர்ந்த புதிதில் தையல்நாயகிக்கு இதில் ஒரு பெருமை கூட இருந்தது. ஒரு கிழவியின் வெல்லப் பானைக்கு அடியில் கஞ்சாப் பொட்டலத்தைக் கண்டுபிடித்தபோது தெருவே பேசியது. கிழவிக்கு அபராதம் போட்டார்கள். யாரோ கட்டினார்கள். அடுத்த கப்பலுக்கு அதே கிழவி அதே மாதிரி இன்னொரு பானையுடன் வந்து, "நல்லா இருக்கியா தாயீ?" என்று சிரித்தாள். அன்றைக்குப் பெருமை போனது. எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஐம்பத்தேழாம் வருஷத்து மாசி மாதத்தில் சைகோன் கப்பல் வந்த அன்று, வரிசையில் கடைசிக்கு முன்னால் நின்றவள் கமலா. அது மாமியார் வைத்த பெயர். அவளுடைய ஊர் சைகோன், அம்மா அப்பா வைத்த பெயர் லான். பிரெஞ்சுப் பட்டாளத்துக்குத் துணி தைத்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு அங்கே அவளைக் கல்யாணம் செய்து உழவர்கரைக்கு அழைத்து வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. நூல் சேலையை நம்மூர்ப் பெண்களைப் போலவே கட்டியிருந்தாள். வெயிலுக்குச் சிவந்த வட்ட முகம். உடம்பெல்லாம் தைல வாசனை.

"கையத் தூக்கும்மா."

தூக்கினாள். ஆனால் தோள்பட்டைக்கு மேல் கை போகவில்லை. விலாவில் கை வைத்ததும் தையல்நாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு மெலிந்த பெண்ணுக்கு விலாவில் மெத்தை மாதிரி சதையா? ரவிக்கையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சட்டை. பஞ்சுக்கு நடுவே, எண்ணெய்த் தாளில் சுற்றிய அடை அடையான கட்டிகள். ஒரு தையலைப் பிரித்ததும் தைல வாசனையைத் தாண்டி அபின் நெடி மூக்கில் ஏறியது.

"இன்னாடி இது?"

கமலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தார்ப்பாயின் கிழிசல் வழியாகக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் சக்கரபாணி ஓடி வந்தார். கடலூர்க்காரர், நேர்மையான மனுஷர். ஆனால் எந்த நேரமும் தலைவலிக்காரரைப் போல நெற்றியைப் பிடித்துக்கொண்டிருப்பார். அபின் கட்டிகளைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு விநாடி வெளிச்சம் வந்தது. அது நிலைக்கவில்லை.

"யாரும்மா குடுத்தது? பேரைச் சொல்லு. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன்."

கமலா தலையை ஆட்டினாள். இல்லையென்றா, தெரியாதென்றா, சொல்லமாட்டேன் என்றா, யாருக்கும் புரியவில்லை.

"கப்பல்ல இவளோட ஆளு எவனாவது இருப்பான். போய்ச் சோதிச்சா அங்கயும் சரக்கு கிடைக்கும்" என்று தையல்நாயகி சொன்னாள்.

"எப்படிப் போறது? அது பிரெஞ்சுக் கொடி போட்ட கப்பல். மேலதிகாரி உத்தரவு வேணும். அவரு மெட்ராஸ்ல இருக்காரு. டிரங்க் கால் போட்டு உக்காந்திருக்கேன், லைன் கிடைக்கல." சக்கரபாணி மணலைக் காலால் எத்தினார். "லைன் கிடைக்கறதுக்குள்ள கப்பல் கொழும்பு போயிடும்."

அப்படியே ஆயிற்று. சலங்குகள் போயின. கப்பல் ஊதியது. கமலாவின் தகரப் பெட்டி முதல் படகிலேயே ஏறிவிட்டிருந்ததால் அதுவும் கப்பலோடு போய்விட்டது. கட்டிய சேலையோடு கமலா மட்டும் கரையில் நின்றாள்.

கப்பல் டிக்கெட் ஏஜெண்டு தெய்வசிகாமணி, ஊரார் பிரெஞ்சு மரியாதையோடு முசே என்று கூப்பிடுகிறவர், அந்தப் பக்கமாக வந்தார். வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை. போகிற பெண்களுக்குக் காகிதம் நிரப்பிக் கொடுத்து, மூட்டையையும் தூக்கிவிடுகிற உபகாரி. சோதனை என்ற பேரில் குடும்பப் பெண்களை அவமானம் செய்கிறார்கள் என்று ஒவ்வொரு கப்பலுக்கும் சத்தம் போடுகிறவரும் அவர்தான். அன்று சத்தம் போடவில்லை. "ஐயோ பாவம், இந்தப் பொண்ணா?" என்று நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுப் போனார்.

அடுத்த தொல்லை சாயங்காலம் முளைத்தது. கமலாவை எங்கே வைப்பது? போலீஸ் கொட்டடியில் பெண்களுக்கு இடமில்லை. சிறையில் சேர்க்க உத்தரவு வேண்டும். உத்தரவு போட, எந்தச் சட்டத்தின்படி என்று எழுதவேண்டும். அங்கேதான் முட்டிக்கொண்டது. ஊர் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு மாறி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. பாரீசில் மட்டும் இன்னும் ஒப்புதல் ஆகவில்லை. அதனால் கோர்ட்டில் பழைய பிரெஞ்சுச் சட்டம், கடற்கரையில் புதிய இந்தியச் சட்டம். இரண்டுக்கும் நடுவில் கமலா.

"தையலு, ரெண்டே நாள். உன் வீட்ல வெச்சுக்க" என்றார் சக்கரபாணி.

"என் வீட்லயா? ஐயா, அது என்ன ஜெயிலா? நாங்க ரெண்டு பேரு படுக்கவே காலை மடக்கணும்."

"வேற பொம்பள ஆளு யாரு இருக்கா எங்கிட்ட? நீயே சொல்லு."

அவள் என்ன சொல்வாள்? முணுமுணுத்துக்கொண்டே கமலாவை முதலியார்பேட்டைக்கு நடத்தி அழைத்துப் போனாள். மில் விட்டு வந்த பாவாடை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது யாரு?"

"கைதி."

"கைதியா? ஏ தையலு, உனக்கு வேலை போட்டுக் குடுத்தாங்களா, இல்ல நம்ம வூட்டயே எழுதி வாங்கிட்டாங்களா?"

"என்ன ஏன் கேக்கற? போயி கவர்னர் மாளிகையில கேளு."

இரண்டு நாள் என்றது பத்து நாளைத் தாண்டியது. ஒவ்வொரு நாள் காலையிலும் தையல்நாயகி கமலாவைக் கூட்டிக்கொண்டு சுங்க ஆபீசுக்குப் போவாள். இருவரும் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே பேசுவது அத்தனையும் கேட்கும். பழைய கோர்ட்டு வக்கீல் ஒருவர், படகு கரையை விட்டுப் போகாதவரை கடத்தல் என்றே சொல்ல முடியாது, வைத்திருந்தாள் என்று வேண்டுமானால் சொல்லலாம் என்பார். மெட்ராஸ்காரர் ஒருவர், அது எங்கள் கேஸ், நீங்கள் தலையிடக்கூடாது என்பார். மறுநாள் இரண்டு பேரும் கட்சி மாறி, இது உங்கள் கேஸ், எங்களுக்கு வேண்டாம் என்பார்கள். டெல்லிக்கு எழுதிக் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் தையல்நாயகிக்குப் பகீரென்றிருக்கும்.

"டெல்லியிலருந்து பதில் வர்றதுக்குள்ள இவளுக்கு நான் வளைகாப்பே போட்டுடுவேன் போல" என்று ஒருநாள் சக்கரபாணியிடம் வெடித்தாள். "கட்டி அகப்பட்டுச்சு. ஆளு அகப்பட்டாச்சு. இன்னும் இன்னாய்யா வேணும் உங்களுக்கு?"

"குடுத்தவன் பேரு வேணும். அது மட்டும் இல்லன்னா இதெல்லாம் வீண். கட்டி போனா அவனுக்கு வேற கட்டி. இவ போனா அவனுக்கு வேற பொம்பள. நாம கழுவக் கழுவ அவன் சேத்தை அள்ளிப் பூசிக்கிட்டே இருப்பான்."

வீட்டில் கமலா ஒரு பாரமாக இருக்கவில்லை. அதுவே தையல்நாயகிக்கு இன்னொரு எரிச்சல். திட்டவும் முடியவில்லையே! சொல்லாமலே பாத்திரம் தேய்த்தாள். தெருப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தால் சிரித்தாள். ஒருநாள் மீனை மிளகும் புளியும் போட்டு ஏதோ செய்தாள். முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிய பாவாடை, அப்புறம் குழம்புச் சட்டியையே வழித்தார். அவள் தமிழ் நன்றாகத்தான் பேசினாள். வினைச்சொற்கள் மட்டும் காலம் மாறாமல் ஒரே மாதிரி நிற்கும்.

பேர் மட்டும் வரவில்லை. புருஷன் சாமிக்கண்ணுவும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு காலை தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது தையல்நாயகியால் பொறுக்க முடியவில்லை. "உம் புருஷன் ஒரு ஆம்பளயா? பொண்டாட்டி ஊரான் வூட்ல கெடக்கிறா, ஒரு எட்டு வந்து பாக்கத் தெரியல. இந்த மனுஷனுக்காகத்தான் நீ கடல் தாண்டி வந்தியா?"

குடம் நிரம்பி வழிந்தது. கமலா அதை நகர்த்தவில்லை.

"அக்கா, அவர் வர முடியாது. அவர் தைக்கிறார் அந்தச் சட்டை."

தையல்நாயகி குழாயை மூடினாள்.

மெல்ல மெல்லச் சொன்னாள் கமலா. சைகோனில் அம்மாவுக்கு நெஞ்சுச் சீக்கு. பார்க்கவேண்டுமென்று சொல்லி அனுப்பியிருந்தாள். டிக்கெட்டுக்கு வழியில்லை. சாமிக்கண்ணு பட்டாளத்துக்குத் தைத்தவனே தவிர சிப்பாய் இல்லை. பிரெஞ்சுச் சிப்பாய்களான சொல்தாக்களுக்கு வருகிற பென்ஷன் அவனுக்குக் கிடையாது. தெய்வசிகாமணி முசேதான் இரக்கப்பட்டார். டிக்கெட் நான் தருகிறேன், போகும்போது ஒரு சட்டை மட்டும் போட்டுக்கொண்டு போகட்டும், அங்கே ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார் என்றார். கட்டிகளை அவரே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சாமிக்கண்ணு தன் மெஷினில் தைத்தான்.

"முசே பேரு நான் சொல்றேன். இன்ஸ்பெக்டர் கேக்கறார், சட்டை யார் தைக்கிறான்? அப்புறம் அவர் ஜெயில். அதுதான் நான் சொல்ல இல்ல."

வெள்ளைக் கால்சட்டையும் குடையும் தையல்நாயகியின் கண்ணுக்குள் வந்து நின்றன. அவர் எத்தனை பெண்களைக் கையைப் பிடித்துச் சலங்கில் ஏற்றிவிட்டிருக்கிறார்! எத்தனை தடவை தன்னைப் பார்த்து, "உத்தியோகஸ்தரம்மா, கொஞ்சம் மரியாதையாப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார்! அவர் சொன்னதற்குக் கட்டுப்பட்டுத் தன் கை எத்தனை பேரிடம் சும்மா பட்டும் படாமலும் போயிருக்கிறது!

அன்று மத்தியானம் சக்கரபாணியைத் தனியாகப் பார்த்தாள். பேர் எதுவும் சொல்லாமல் கேட்டாள்.

"ஐயா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். சட்டையைத் தைச்சவன் வந்து, இன்னார்தான் குடுத்தாருன்னு சாட்சி சொன்னா, அவன விட்டுடுவீங்களா?"

சக்கரபாணி நெற்றியைத் தேய்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை முடிந்திருக்கும்.

"முடியாது. வக்கீலைக் கேட்டுட்டேன். தைச்சவன்தான் முதல் குற்றவாளி. சாட்சியா மாத்தி விட வழி இருக்கான்னா, ஒரு சட்டத்துல இருக்காம், இன்னொண்ணுல இல்லையாம். எந்தச் சட்டம்னு யாருக்கும் தெரியல." மேசையில் கையால் ஓங்கித் தட்டினார். மைக்கூடு குதித்தது. "சின்னவன் வாயத் தொறந்தா உள்ள போறான், தொறக்காட்டி பெரியவன் வெளிய நிக்கிறான். என்ன எழவு வேலைம்மா இது!"

கேட்காமலே இருந்திருக்கலாம் என்று நொந்துகொண்டே தையல்நாயகி வீட்டுக்கு வந்தாள். வாசலில் ஒரு ஆள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஒல்லி, கழுத்தில் அளவு நாடா. சொல்லாமலே தெரிந்தது.

"வாய்யா தொரை! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

சாமிக்கண்ணு தலை நிமிரவில்லை. "அக்கா, முசே இன்னா சொன்னாருன்னா, பொம்பளைங்கள அவ்வளவா சோதிக்க மாட்டாங்க, அந்தம்மா சும்மா பேருக்குத் தொட்டுட்டு விட்டுடும்னு..."

"அப்ப நான் எதுக்குய்யா அந்த வெயில்ல வேவறேன்? பேருக்குத் தொடறதுக்கா? சரி, அவரு சொன்னாரு. உனக்குப் புத்தி எங்க போச்சு? மெஷின் ஓட்டறப்ப, இத நம்ம பொண்டாட்டி மாருல கட்டப்போறமேன்னு ஒரு நிமிஷம் கால் நிக்கலியா?"

"நின்னுச்சு" என்றான் அவன். "ராத்திரியெல்லாம் அழுதா, அம்மாவைப் பாக்கணும்னு. எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லியே அவளுக்குக் குடுக்க."

தையல்நாயகி உள்ளே திரும்பிக் கமலாவைக் கூப்பிட்டாள்.

கமலா உள்ளேயிருந்து வந்தாள். அழவில்லை, ஓடிப்போய்க் கையைப் பிடிக்கவும் இல்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"நீ சொல்லு. இல்லன்னா, நான் சொல்றேன். நீ பயம், நான் பயம். முசே மட்டும் சிரிப்பு. அது நல்லா இல்ல."

சாமிக்கண்ணு செருப்பைக் கீழே போட்டு மாட்டினான். தையல்நாயகி கூடவே போனாள். அவன் சக்கரபாணி முன்னால் நின்று ஒன்றுவிடாமல் சொன்னான். கட்டியைக் கொண்டுவந்தது யார், எந்த மேசையில் வைத்தது, என்ன பேசினது, எல்லாம். சக்கரபாணி எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் அவனை உட்காரவைத்து, தன் டிபன் கேரியரிலிருந்த சோற்றைக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் கைது செய்தார்.

இனியாவது ஏதாவது நடக்கும் என்று தையல்நாயகி நம்பினாள். தெய்வசிகாமணி வீட்டைச் சோதிக்க நீதிபதியின் உத்தரவு வேண்டும். உத்தரவை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். ஒருமுறை தலைப்பு பிரெஞ்சில் இல்லை என்பதற்காக. கடைசியில் சக்கரபாணி ஜவான்களோடு போய் இறங்கியபோது முசே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு கலந்து வைத்திருந்தது. கண்ணாடித் தம்ளர்களைச் சரியான எண்ணிக்கையில் எடுத்து வைத்திருந்தார்கள். வீட்டில் ஒரு குன்றிமணி அபின் கிடையாது.

"நான் டிக்கெட் விக்கிறவன். வாங்கிட்டுப் போறவங்க இடுப்புல இன்னா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் தெய்வசிகாமணி. "அந்தத் தையல்காரனுக்கு எங்கிட்ட டிக்கெட் பாக்கி. அந்தக் காண்டுல சொல்றான். சாறு சாப்பிடுங்க, வெயில்ல வந்திருக்கீங்க."

சக்கரபாணி சாறு குடிக்கவில்லை. தாகத்தோடு திரும்பி வந்தார்.

வைகாசியில் தீர்ப்பு வந்தது. எந்தச் சட்டத்தில் என்று கடைசிவரை தையல்நாயகிக்குப் புரியவில்லை. சாமிக்கண்ணுவுக்கு ஆறு மாதச் சிறை. புருஷன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் செய்தாள் என்று கமலாவைக் கண்டித்து விட்டுவிட்டார்கள். தெய்வசிகாமணி பேரில் கேஸே எடுக்கவில்லை. ஒரு கைதியின் வாய்ச்சொல் போதாதாம்.

கோர்ட்டு வாசலில் தையல்நாயகி சக்கரபாணியிடம் சொன்னாள். "வேற ஆளப் பாத்துக்குங்கய்யா. நான் நாளையிலருந்து வரல."

"நானும் மாத்தல் கேட்டு எழுதியிருக்கேன்" என்றார் அவர். "ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா கதவைச் சாத்த ஆளிருக்காது. என் மாத்தல் வர்றவரைக்கும் இரு."

மாற்றலும் வரவில்லை, அவளும் போகவில்லை.

கமலா உழவர்கரைக்குத் திரும்பிப் போகாமல் முதலியார்பேட்டையிலேயே தங்கிவிட்டாள். யாரும் இருக்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அந்த மாதக் கடைசியில் சைகோனிலிருந்து வந்த கப்பலில் இறங்கிய ஒரு கிழட்டு சொல்தா, விசாரித்துக்கொண்டு வந்து சேதி சொன்னார். அம்மா சித்திரையிலேயே போய்விட்டாளாம். பெட்டி வந்தது, மகள் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

கமலா அன்று முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடந்தாள். பாவாடை வேலைக்குப் போகாமல் அவளுக்குக் காவலாக வாசலில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை அவள் குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, சைகோன் போற கப்பல் எப்போ?"

"ஏன், உனக்கு எதுக்கு?"

"சும்மா. நான் வர்றேன் உன்கூட."

கப்பல் நாளன்று தையல்நாயகி வழக்கம்போல் தார்ப்பாய்க்குள் போய் நின்றுகொண்டாள். கமலா வெளியே, பெண்கள் வரிசை நிற்கிற இடத்தில், மணலில் உட்கார்ந்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தையல்நாயகிக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தார்ப்பாய்க்கு வெளியே அந்தக் குரல் கேட்டது. சத்தமே இல்லை. பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி, வரிசையில் நிற்கிறவர்களில் ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகப் பேசிக்கொண்டு வந்தாள்.

"நான் கமலா. என்கிட்டயும் முசே குடுக்கறார். போட்டுக்கோ, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றார். இங்க அகப்படறேன். என் வீட்டுக்காரர் ஜெயில்ல இருக்கார். எங்கம்மா செத்துப்போறா, நான் பாக்க இல்ல. முசே வீட்ல இருக்கார். உனக்குக் குடுத்தா, நீ இங்க வெச்சுடு. உள்ள போகாத. வெச்சுட்டு, கப்பல் ஏறு. உங்கம்மாவைப் பாரு."

தையல்நாயகி தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்த்தாள். தெய்வசிகாமணி குடையை மடக்கிக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"ஜெயில் கேஸ இங்க யாரு உக்கார விட்டது? ஜவான்! இந்தப் பொம்பளைய அப்புறப்படுத்துங்க. என் பாசஞ்சருங்க பயப்படறாங்க!"

ஜவான்கள் சக்கரபாணியைப் பார்த்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பி, ஒரு மல்லாட்டை மூட்டையில் ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

"கடக்கரை பொது, முசே" என்றாள் தையல்நாயகி. "அது மணல்ல உக்காந்து பேசுது. பேசறதுக்கு எந்தச் சட்டத்துல தடை இருக்குன்னு நீங்களே கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க. நாங்க காத்துக்கிட்டிருக்கோம்."

வரிசையில் நின்ற ஒரு குண்டுப் பெண், கைக்குழந்தையின் அடியிலிருந்து எதையோ உருவிக் கமலாவின் பக்கத்தில் மணலில் வைத்தாள். வைத்துவிட்டு எங்கோ பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற கிழவி, "சனியன், எனக்கு எதுக்கு இது?" என்று சொல்லிக்கொண்டே புடவைக்குள் கைவிட்டு ஒரு துணிப்பட்டையை அவிழ்த்துப் போட்டாள். ஒருத்தி எல்லாரும் வைத்ததைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வரிசையை விட்டு ஊருக்குள் ஓடிப்போனாள். ஒரு தொப்பி மதாம் மட்டும், இதெல்லாம் கேவலம் என்று முகத்தைச் சுளித்தபடி உள்ளே வந்து, முழுச் சோதனைக்கும் நின்று, ஒன்றும் இல்லாமல் வெளியே போனாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டுத் தையல்நாயகிக்கு வாய் வலித்தது.

தெய்வசிகாமணி நின்ற இடத்தில் நிற்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு வந்த வழியே போனார். அவர் பின்னால் போவதற்குச் சக்கரபாணியிடம் அன்றும் உத்தரவு இல்லை.

கப்பல் போனபிறகு தையல்நாயகி, கமலா, சக்கரபாணி மூன்று பேரும் மணலில் உட்கார்ந்து, பெண்கள் போட்டுவிட்டுப் போனதைப் பார்த்தார்கள். பொட்டலங்கள், பட்டைகள், பஞ்சுச் சட்டை ஒன்று. சொந்தம் கொண்டாட ஒரு ஆளும் இல்லை.

"இதுக்கு நான் என்னன்னு கேஸ் எழுதறது?" சக்கரபாணி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "குற்றவாளி: கடற்கரை மணல்னு எழுதவா? மெட்ராஸ்ல கேப்பான், யாருகிட்டருந்து எடுத்தேன்னு. கோர்ட்ல கேப்பான், யாரு வெச்சான்னு. ஒரு மாசம் இதுக்கே போயிடும்."

"எழுதுங்க, எழுதுங்க. இத்தனை நாள் ஆளு இருந்து என்ன கிழிச்சீங்க?" என்றாள் தையல்நாயகி.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவன் சும்மா இருக்கமாட்டான்மா. பொம்பளைங்க இனி வாங்கமாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அடுத்த தடவை மல்லாட்டை மூட்டைக்குள்ள போட்டு அனுப்புவான். ஒரு கப்பலுக்கு ஆயிரக்கணக்குல மூட்டை. ஒவ்வொண்ணுலயும் நான் குத்தூசி போட்டுப் பாக்கணும்."

கமலா மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள். யோசித்தாள். அவள் முகத்தில் உண்மையாகவே கவலை தெரிந்தது.

"மூட்டைகிட்ட நான் எப்படிப் பேசறது, ஐயா?"

சக்கரபாணி அவளை ஒருகணம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல், கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். தையல்நாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை, இடுப்பு விட்டுப் போயிற்று, இந்தச் சனியன் பிடித்த பொட்டலங்களை யார் ஆபீசுக்குத் தூக்கிப் போவது என்பதுதான் அவள் கவலை. கடைசியில் அவளும் கமலாவும்தான் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அள்ளிப் போட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.